கிதாபைப் புதைக்க முன் ஒரு போட்டோ

நோன்புக்கு முன் வீடு துப்புரவாக்கும்போது உம்மம்மாமாரின் அரபுத் தமிழ்க் கிதாபுகள் வெளியே வரும். நைந்துபோனவற்றை மரியாதையாகப் புதைத்துவிடுவோம், இல்லாவிட்டால் கடலில் விட்டுவிடுவோம். அது சரியான முறைதான். ஆனால் அதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

பல கிதாபுகள் கல்லச்சில் வந்தவை. ஒருவர் கையால் எழுதியதே அப்படியே அச்சாகியிருக்கும். அரபியில் இல்லாத ட, ப, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்திலேயே புள்ளி கூட்டிப் புது எழுத்துச் செய்திருக்கிறார்கள். எங்கட தமிழுக்காக எங்கட ஆக்களே வடிவமைத்த எழுத்து இது! என் வகுப்பில் இதை வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

புதைக்க முன் அட்டையையும் சில பக்கங்களையும் போனில் எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவர்களிடம் கேட்டுப் பெயரையும் எழுதி வையுங்கள். அவர்களும் போன பிறகு யாரிடம் கேட்பது?