மாங்கனியும் தாளமும்

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்து மாங்கனிகள் இறைக்கப்படுகின்றன. கூட்டம் கையேந்திப் பிடிக்கிறது. பக்தியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் பாடலியற்றி, பண்ணமைத்துப் பாடிய ஒரு பேரிசைக் கலைஞரை நாம் எதற்காக நினைவுகூர்கிறோம் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

மாங்கனிக் கதையை விரித்துரைத்தவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். அம்மையாரை 6ஆம் நூற்றாண்டினராகக் கொள்வர். அவருடைய நான்கு நூல்களிலும் மாங்கனி இல்லை. கணவன் பரமதத்தனும் இல்லை. இருப்பது இசை. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் முறையே நட்டபாடை, இந்தளம் ஆகிய பண்களில் அமைந்தவை. தேவார மூவருக்கும் முற்பட்டவை என்பதாலேயே அவை ‘மூத்த’ பதிகங்கள். ஒரே பாட்டில் சுரப் பெயர்களையும் கொக்கரை, தக்கை, குடமுழா, வீணை என ஒரு வாத்தியக் குழுவையும் அவர் அடுக்குகிறார். இது இசையறிந்தவர் வாக்கு.

சோழர்காலச் சிற்பிகள் இதை உணர்ந்திருந்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அவர் தாளமிசைக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள செப்புத் திருமேனியின் கைகளிலும் தாளமே உண்டு, மாங்கனி இல்லை.

வாழ்க்கைக்கதை பாட்டை விழுங்குவது நம்மூர் நோய் மட்டுமன்று. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே (1915–1959) தாமும் பாடல்கள் புனைந்தவர். 1972இலும் 2021இலும் அவரைப் பற்றி வந்த திரைப்படங்களில் போதையும் கைதும் பெற்ற இடத்தை அவருடைய பாட்டாக்கும் திறன் பெறவில்லை. துயரக் கதைக்கோ அற்புதக் கதைக்கோ நாயகியானதும் ஒரு பெண்ணின் கலைத்தொழில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

கதைதானே பாடலைக் காப்பாற்றியது என்பர் சிலர். ஒப்புவதற்கில்லை. சேக்கிழாருக்கு முற்பட்ட நம்பியாண்டார் நம்பியே இப்பாடல்களைத் திருமுறையில் சேர்த்தார் என்பது மரபு. பாட்டு தன் வலிமையால் நின்றது. கதை அதன்மேல் படர்ந்தது.

புனிதவதி என்ற பெயரை அவர் தம் பாடல்களில் சொல்லவில்லை. ‘காரைக்காற் பேய்’ என்றே முத்திரையிட்டார். ஊரின் பெயரைப் பாட்டில் ஏற்றியவருக்கு ஊர் செய்யும் கைம்மாறு பழம் இறைப்பதோடு நின்றுவிடலாமா? திருவிழாவின் தலைமை மேடையில், ஓதுவார்களும் கச்சேரிப் பாடகர்களும் கூடி, அவ்விரு பதிகங்களையும் உரிய பண்களில், ஒரு பாட்டும் விடாமல் பாடட்டும். மாங்கனி அதன் பிறகு விழட்டும்.