வாளை விற்ற கேப்டன்
டானியல் ஷேஸ் கலகக்காரனா, கடன்பட்ட விவசாயியா?

அமெரிக்கச் சரித்திரம் எழுதிய கனவான்கள் நெடுங்காலம் ஒரு மனிதனை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். “கலகக்காரன்!” என்றார்கள். சட்டத்தை மதியாதவன், கும்பலைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுகளை மூடியவன், குடியரசைக் கவிழ்க்கப் பார்த்தவன் என்றெல்லாம் எழுதினார்கள். அவன் பெயர் டானியல் ஷேஸ்.

தோழர்களே! ஒருவனைக் கலகக்காரன் என்று யாராவது சொன்னால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன? சொல்வது யார்? அவர்களுக்கு இவன் என்ன கெடுதல் செய்தான்? அந்தக் கேள்வியோடு இவன் கதையைப் பார்ப்போம்.

கூலியாள் சிப்பாயானான்

ஷேஸ் 1747ஆம் ஆண்டு வாக்கில் மாசசூசெட்ஸில் பிறந்தவன். தாய் தந்தையர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். சொந்த நிலம் கிடையாது. பிறர் வயலில் கூலிக்கு உழைத்து வளர்ந்தான். 1772இல் அபிகேல் கில்பர்ட் என்ற பெண்ணை மணந்தான். மேற்கு மாசசூசெட்ஸின் மேட்டு நிலத்தில் குடியேறி, கல்லும் கட்டையும் நிறைந்த பூமியில் குடும்பம் நடத்தத் தொடங்கினான். அந்தப் பூமியும் செவ்விந்திய மக்களிடமிருந்து பறிக்கப்பட்டதுதான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1775இல் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து யுத்தம் மூண்டது. ஏரைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கியவர்களில் ஷேஸும் ஒருவன். பங்கர் ஹில்லில் சண்டையிட்டான். சரட்டோகாவில் சண்டையிட்டான். ஸ்டோனி பாயின்ட் கோட்டையைப் பிடித்த படையிலும் இருந்தான். சாதாரணக் கூலியாள் கேப்டன் பதவிக்கு உயர்ந்தான். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அவனுக்கு ஓர் அழகான வாளைப் பரிசளித்தார்.

அந்த வாளை அவன் என்ன செய்தான்? சில டாலருக்கு விற்றுவிட்டான்!

“பரிசு வாளை விற்ற பாவி!” என்று சக அதிகாரிகள் ஏளனம் செய்தார்களாம். ஏன் விற்றான் என்று யோசித்தார்களா? வருஷக் கணக்கில் சம்பளம் வரவில்லை. வீட்டில் மனைவி மக்கள். தலைக்கு மேல் கடன். பளபளக்கும் வாள் சுவரில் தொங்கினால் அடுப்பு எரியுமா? 1780இல் ராணுவத்தை விட்டு பெல்ஹாம் என்ற ஊருக்குத் திரும்பினான்.

சுதந்திரம் வந்தது, ஜப்தியும் வந்தது

1783இல் யுத்தம் முடிந்தது. நாடு சுதந்திரம் பெற்றது. சிப்பாய்க்குக் கிடைத்தது என்ன? கையில் ஒரு காகிதச் சீட்டு. “உனக்கு இவ்வளவு சம்பளம் பாக்கி, பிறகு தருவோம்” என்று எழுதிய சீட்டு.

சீட்டைக் கொடுத்தால் கடைக்காரன் மாவு தருவானா? பசி தாங்காத சிப்பாய்கள் அதை மதிப்பில் ஒரு சிறு பங்குக்கு விற்றார்கள். பணம் படைத்தவர்கள் வாங்கிக் குவித்தார்கள். பிறகு மாசசூசெட்ஸ் சர்க்கார் என்ன செய்தது? சீட்டுகளுக்கு முழு மதிப்பில் பணமும் வட்டியும் தருவோம் என்றது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வரியிலிருந்து. வரி யார் தலையில்? சீட்டை விற்ற அதே சிப்பாயின் தலையில்! அதிலும் கணிசமான பகுதி தலைவரி. பாஸ்டன் வணிகனுக்கும் ஒரு தலை, மலையோரக் குடியானவனுக்கும் ஒரு தலை!

தானியம் தருகிறேன், மாடு தருகிறேன் என்றான் விவசாயி. வேண்டாம், வெள்ளி நாணயம் கொண்டு வா என்றார்கள். ஊரில் வெள்ளியே இல்லை. உடனே வழக்கு, தீர்ப்பு, ஜப்தி. 1784 ஆகஸ்டு முதல் 1786 ஆகஸ்டு வரை, இரண்டே வருஷத்தில், ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் மட்டும் ஏறத்தாழ 3000 கடன் வழக்குகள்! ஷெரீப்பின் ஆட்கள் மாட்டை ஓட்டிச் சென்றார்கள், நிலத்தை ஏலம் விட்டார்கள். ஏலம் போக ஒன்றுமில்லாதவனை ஜெயிலில் போட்டார்கள். தேசத்துக்காகக் காயம்பட்டவன் கடனுக்காகச் சிறைப்பட்டான்.

எடுத்த எடுப்பில் அவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். மகஜர் எழுதினார்கள். 1786 ஆகஸ்டில் ஹாட்ஃபீல்டில் 50 ஊர்களின் பிரதிநிதிகள் கூடிக் கோரிக்கைகளை வகுத்தார்கள். பாஸ்டன் காது கேட்கவில்லை. அதன் பிறகுதான் ஆகஸ்டு 29 அன்று நார்த்தாம்ப்டனில் 1500 பேர் வரை திரண்டு கோர்ட்டை நடக்கவிடாமல் தடுத்தார்கள். கோர்ட் நடக்காவிட்டால் ஜப்தி இல்லை! அவ்வளவுதான் அவர்களுடைய “அராஜகம்”.

அவர்கள் தொப்பியில் செருகியிருந்தது என்ன தெரியுமா? சுதந்திர யுத்தத்தில் செருகிய அதே பச்சைத் தழை. இந்த அணியில் மோசஸ் சாஷ் என்ற நீக்ரோ உழைப்பாளியும் இருந்தார். அவரும் பழைய சிப்பாய். ஷேஸின் ஆலோசகர்களில் ஒருவர் என்று சர்க்காரே குற்றப்பத்திரிகை வைத்தது.

இரண்டு அபிகேல்கள்

இந்தக் கதையில் இரண்டு அபிகேல்கள் உண்டு. ஒருத்தி ஷேஸின் மனைவி. புருஷன் போர்முனையில் நின்ற வருஷங்களில் வீட்டையும் வயலையும் காத்தவள். புருஷன் தலைக்கு 150 பவுன் விலை வைக்கப்பட்டதைக் கேட்டவள்.

இன்னொருவர் அபிகேல் ஆடம்ஸ் அம்மையார். பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸின் துணைவியார். சர்க்கார் கடன் பத்திரங்களையும் சிப்பாய்ச் சீட்டுகளையும் மலிவாக வாங்கி லாபம் கண்டவர். 1787 ஜனவரியில் அவர் ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், கலகக்காரர்களை அறிவில்லாதவர்கள், மனச்சாட்சியற்றவர்கள் என்று வசை பாடினார்.

சீட்டை விற்றவன் மனச்சாட்சியற்றவனாம்! வாங்கியவர் உத்தமராம்! எப்படி இருக்கிறது நியாயம்?

யார் பணம், யார் படை?

கவர்னர் பௌடவின் படை திரட்டினார். கஜானாவில் காசில்லை. அதனால் என்ன? பாஸ்டன் வணிகர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மடியை அவிழ்த்தார்கள். ஏறத்தாழ 6000 பவுன் சேர்ந்தது. சிப்பாயின் சம்பள பாக்கிக்குக் கிடைக்காத பணம் சிப்பாயைச் சுடக் கிடைத்தது!

1787 ஜனவரி 25. முழங்கால் ஆழப் பனி. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையை நோக்கி ஷேஸின் அணி வந்தது. லூக் டே என்பவரின் அணியும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். “ஒரு நாள் பொறு” என்று அவர் அனுப்பிய கடிதம் எதிரியின் கையில் சிக்கிவிட்டது. ஷேஸின் ஆட்கள் தனியாக வந்தார்கள். பீரங்கி முழங்கியது. நால்வர் மாண்டார்கள். பிப்ரவரி 4 அன்று பீட்டர்ஷாமில், பனிப்புயலில் இரவெல்லாம் நடந்து வந்த சர்க்கார் படை மிச்சமிருந்தோரைச் சிதறடித்தது. ஷேஸ் வெர்மான்ட்டுக்குத் தப்பினான்.

அவர்கள் தோற்றது கோழைத்தனத்தால் அல்ல. ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியவில்லை. ஊருக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு முடிவு. அதனால் தோற்றார்கள். உழைப்பவன் மனத்தில் பதிய வேண்டிய பாடம் இது.

ஆனால் எல்லாம் வீணாயிற்றா? இல்லை! கலகம் செய்தவர்களுக்கு மூன்று வருஷம் ஓட்டுரிமை கிடையாது, பள்ளி ஆசிரியராக இருக்கவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அப்படியும் அந்த ஆண்டுத் தேர்தலில் பௌடவின் மண்ணைக் கவ்வினார். புதிய சட்டசபை வரியைக் குறைத்தது, கடன் வசூலுக்குத் தவணை தந்தது. மகஜர் பெறாததை மக்கள் எழுச்சி பெற்றுத் தந்தது.

மேல்தட்டாரும் சும்மா இருக்கவில்லை. அதே 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்க மத்திய சர்க்கார் உதவும் என்று எழுதினார்கள். எந்த மாகாணமும் காகிதப் பணம் வெளியிடக்கூடாது என்று எழுதினார்கள். ஷேஸின் நிழல் அந்தக் காகிதத்தில் விழுந்திருக்கிறது.

கல்லுக்கு மாலை, மனிதனுக்கு?

1788இல் ஷேஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். அவன் நியூயார்க் மாகாணத்துக்குப் பெயர்ந்து, ஸ்பார்ட்டா என்ற ஊரில் வறுமையில் முதுமையைக் கழித்தான்.

1825 ஜூன் 17. பங்கர் ஹில் போரின் ஐம்பதாம் ஆண்டு. வீரர்களுக்கு நினைவுத் தூண் எழுப்பப் பெருங்கூட்டம் கூடியது. அஸ்திவாரக் கல் நாட்டும் விழாவுக்கு வந்திருந்த பெரியவர் யார்? ஷேஸுக்கு வாள் கொடுத்த அதே லஃபாயெத்! பிரசங்கங்கள் முழங்கின. அந்தக் குன்றில் ரத்தமும் புகையும் கண்ட கேப்டன் ஷேஸ் அப்போது உயிரோடு இருந்தான். மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று கண்ணை மூடினான்.

வீரத்துக்குத் தூண் எழுப்பினார்கள். வீரனுக்குச் சம்பள பாக்கி வைத்தார்கள். இனி எவராவது ஷேஸைக் கலகக்காரன் என்றால், நாம் ஒன்று மட்டும் கேட்போம்: அவன் கணக்கைத் தீர்த்தீர்களா?