கொலன்னாவைக்குத் தேவை மேம்பாலமா, ரயிலா?

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலுடன் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி பிரதேசங்களை வெள்ளம் சூழ்ந்தது. 2016 மே மாதத்திலும் 2024 ஜூன் மாதத்திலும் இதே மக்கள்தான் பொருள் பண்டங்களைக் கைவிட்டு உறவினர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் தஞ்சமடைந்தனர். முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் நெருங்கி வாழும் இத்தாழ்நிலத்தில் ஒரு பெருவீதியை எதன் வழியாகக் கொண்டு செல்வது என்பது வெறுமனே வாகன நெரிசல் சம்பந்தப்பட்ட விடயமல்ல. அடுத்த வெள்ளம் எவர் வீட்டு வாசலில் எவ்வளவு நாள் தேங்கி நிற்கும் என்பதும் அதில் அடங்கியுள்ளது.

கொழும்பின் கிழக்குப் புறத்துக்கு அண்மைக் காலத்தில் இரண்டு பெருந்திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை ஊடாகக் கோட்டை வரையிலான இலகு ரயில் சேவை. 16 நிலையங்கள் கொண்ட இதற்கென 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வட்டி 0.1 சதவீதம், 12 வருட சலுகைக் காலத்துடன் 40 வருடங்களில் திருப்பிச் செலுத்தலாம். இதனைவிட இலகுவான நிபந்தனைகளை இந்நாடு வேறெங்கும் பெறுவது கடினம். ஆயினும் 2020 செப்டெம்பரில், செலவு மிக அதிகம் என்று காரணங் கூறி, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் அதனைக் கைவிட்டது.

மற்றையது, புதிய களனிப் பாலத்திலிருந்து ராஜகிரிய ஊடாக அத்துருகிரிய வரை தூண்களின் மீது அமைக்கத் திட்டமிடப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை. ரயிலுக்குப் பணமில்லை என்று கூறிய அதே அரசாங்கமே மறு ஆண்டில் இந்நெடுஞ்சாலையை முன்னெடுக்க முனைந்தது. 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட தலங்கம சதுப்பு நிலம் பாதிக்கப்படும் எனச் சூழலியலாளர்கள் எதிர்த்தனர். பின்னர் பொருளாதார வீழ்ச்சி நெருக்கியது. ஆயினும் வரைபடத்தில் ஒருமுறை ஏறிய வீதி இலகுவில் இறங்குவதில்லை என்பது நமது அனுபவம்.

தூண்களின் மீது அமைவதால் நிலம் நிரப்பப்பட மாட்டாது என்று பொறியியலாளர்கள் வாதிடலாம். அவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் தூண் நாட்டுவதற்கு இயந்திரங்கள் செல்லும் பாதைகள் வேண்டும். பாதை வந்தபின் அதனருகே காணி விலை ஏறும். விலை ஏறிய சதுப்பு நிலத்தில் இரவோடிரவாக மண் கொட்டப்படுவதைக் கொலன்னாவை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2018இல் உலகில் முதன்முதலாக ராம்சார் ஈரநில நகர அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. வெள்ள நீரை ஏந்திக்கொள்ளும் அந்த ஈரநிலங்களில் கொலன்னாவைச் சதுப்பும் அடங்கும்.

அத்துடன், மேலே செல்லும் வீதி யாருக்கு? கட்டணம் செலுத்திக் காரில் செல்பவருக்கு. வெல்லம்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரும், கொழும்புப் பாடசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாயும் கீழேயுள்ள அதே வீதியில், அதே பஸ்ஸில், மிதிபலகையில் தொங்கியபடியே செல்ல நேரும்.

கொழும்பு ரயிலுக்குப் புதிதல்ல. 1899இல் ஆரம்பமான டிராம் வண்டிகள் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடின. 1953இல் டிரொலி பஸ்கள் அறிமுகமாயின. 1960இல் டிராம் நின்றது. 1964இல் டிரொலி பஸ்ஸும் நின்றது. மின்சாரத்தில் ஓடிய பொதுப் போக்குவரத்து இரண்டையும் கைவிட்ட நகரம், அரை நூற்றாண்டு கழித்து அதனையே கடன் பெற்று அமைக்க முயன்று, அதையும் கைவிட்டிருக்கின்றது.

கொலன்னாவையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இங்குள்ள பெற்றோலியக் களஞ்சியத்துக்கென்றே ரயில் தண்டவாளம் இருக்கின்றது. எண்ணெய்த் தாங்கிகள் அதில் ரயிலேறி வெளிமாவட்டங்களுக்குச் செல்கின்றன. களஞ்சியத்தின் அயலவர்களோ பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றனர். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாடே நின்றபோது ரயிலின் அருமையை எல்லோரும் உணர்ந்தார்கள். அவ்வுணர்வு நீடித்ததாகத் தெரியவில்லை. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதுடன் நெரிசல் பற்றிய பேச்சும் மேம்பாலம் பற்றிய பேச்சும் தலைதூக்குவது இயல்பே.

இலகு ரயில் மீள உயிர் பெறும் வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. மருதானையிலிருந்து பேஸ்லைன் வீதி, கொட்டா வீதி, நாரஹேன்பிட்டி, நுகேகொடை வழியாகச் செல்லும் களனிவெளிப் பாதை இன்னமும் ஒற்றைத் தண்டவாளத்திலேயே தங்கியுள்ளது. அதனை இரட்டைப் பாதையாக்கும் யோசனை பல வருடங்களாகக் கோப்புகளில் கிடக்கின்றது. தண்டவாளத்தை ஒட்டி வாழும் குடும்பங்களை அகற்ற வேண்டியிருப்பதே பெருந்தடை. இங்கு நாம் ரயிலின் பக்கம் நிற்பதால் அக்குடும்பங்களின் அச்சத்தைப் புறக்கணிக்க முடியாது. 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்களைக் காவுகொண்ட பின், வாக்குறுதிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை இப்பகுதி மக்கள் நன்கறிவர். மாற்று வீட்டின் சாவி கையில் கிடைத்த பின்னரே ஒரு வீட்டின் கூரை கழற்றப்பட வேண்டும். அதுவும் தொழிலும் பாடசாலையும் எட்டும் தூரத்தில்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வாழ் மக்களுக்கும் இது அந்நியமான விடயமல்ல. கரையோர ரயில் பாதை அவர்களின் வாசலிலேயே செல்கின்றது. காலையில் அதில் நிற்கவும் இடமில்லை. பெட்டிகளைக் கூட்டி, நேரந்தவறாது ஓட்டினால் காலி வீதியிலிருந்து எத்தனையோ வாகனங்கள் குறையும். காலி வீதியில் பஸ்ஸுக்கெனத் தனி ஒழுங்கை ஒதுக்குவதற்குப் புதிய காணியோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. 2017இல் ராஜகிரியவில் அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 2020 செப்டெம்பரில் பொலிஸார் ஒழுங்கைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினர். இரண்டும் நீடிக்கவில்லை. வெள்ளைக் கோடு மட்டும் போதாது. அதை மீறும் சொகுசு வாகனத்தை மறிக்கும் துணிவும் வேண்டியிருந்தது.

இந்நிலையில் போக்குவரத்து அமைச்சிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் நாம் கேட்பது இதுதான்: களனிப் பாலத்திலிருந்து அத்துருகிரிய நோக்கிய நெடுஞ்சாலைத் திட்டம் கைவிடப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா என்பதைக் கொலன்னாவை மக்களுக்கு எழுத்தில், மூன்று மொழிகளிலும் அறிவிக்க வேண்டும். ஒத்திவைக்கப்பட்டதாயின், வெள்ளம் பற்றிய ஆய்வறிக்கையை அடுத்த மழைக்காலத்துக்கு முன்னர் பிரதேச செயலகத்தில் அவர்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.