திரியாய்க் கல்லை வாசிக்க யார் கற்றுத் தருவார்?

உயர்தரப் பெறுபேறு வெளியாகிச் சில வாரங்களில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூல் மாணவிகள் கைக்கு வந்துவிடும். இசட் புள்ளியை ஒரு கையிலும் கைந்நூலை மறுகையிலும் வைத்துக்கொண்டு எந்தப் பாடநெறி, எந்தப் பல்கலைக்கழகம், எதை முதலாவதாகப் போடுவது என்று வீட்டில் எல்லோரும் கூடி யோசிப்பார்கள். கைந்நூலில் இருப்பவற்றுள் எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறோம். நமக்குத் தேவையான ஒன்று ஏன் அதில் இல்லை என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பட்டியல் எங்கோ கொழும்பில் தானாக அச்சாகி வருவது போலவே நினைத்துக்கொள்கிறோம்.

பட்டியல் தானாக வருவதில்லை. அதில் உள்ள ஒவ்வொரு பாடநெறியையும் யாரோ ஒருவர் முதலில் கேட்டிருக்கிறார், எழுதியிருக்கிறார், பல சபைகளில் வாதாடி நிறைவேற்றியிருக்கிறார். இதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நமது மாவட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. அது திரியாயில் கல்லாக நிற்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே போனால் வருவது திரியாய். வயலும் குளமும் கடலும் சூழ்ந்த பழந்தமிழ்க் கிராமம். போரில் இடம்பெயர்ந்து, பல வருடங்களின் பின் மீண்டும் குடியேறிய மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அவ்வூர் மலையில் கிரிஹண்டு சேய என்னும் பழைமையான பௌத்த தூபியின் வட்டதாகே இருக்கிறது. அருகே பாறையில் ஒரு கல்வெட்டு. அதன் மொழி சமஸ்கிருதம். எழுத்தோ தென்னிந்தியப் பல்லவ கிரந்தத்தை ஒத்தது. ஏறத்தாழ கி.பி. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. அந்தச் சைத்தியத்தை அமைத்தோராக அது வணிகர்களைக் குறிப்பிடுகிறது. கடல் வழியே வந்து போன மனிதர்களின் சாட்சி அது.

அதே வீதியில் குச்சவெளியிலும் பாறையில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. திருகோணமலைக் கோட்டை வாயிலில் தமிழ்க் கல்வெட்டு உண்டு. துறைமுகப் பக்கத்தில் நிக்கல்சன் கோவ் என்னுமிடத்தில் அரபு எழுத்துப் பொறித்த பழைய மீஸான் கற்கள் கிடைத்தன. இவ்வளவும் ஒரே மாவட்டத்தில். சமஸ்கிருதம், தமிழ், அரபு என மூன்று மொழிகளில் கற்கள் பேசுகின்ற இம்மாவட்டத்தில் அவற்றை முறையாக வாசிக்கக் கற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?

அந்த வீதியிலேயே, நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று அங்கே பீடங்கள் உள்ளன. தொல்லியலுக்கு அங்கே பீடமும் இல்லை, துறையும் இல்லை. தொல்லியல் படிக்க விரும்பும் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ களனிக்கோ போக வேண்டும். கல் இங்கே இருக்கிறது. அதை வாசிக்கும் வகுப்பு வேறெங்கோ இருக்கிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் 2020ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வருடம் ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளை நிர்வகிக்க ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. ஆனால் ஆரம்பத்தில் நியமிக்கப்பட்ட அச்செயலணியில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை. அது நியாயமில்லை என்று பலரும் பேசினார்கள்; பேசியது சரியே. அதோடு நாம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியொரு மேசையில் அமர்ந்து, இந்த எழுத்து இன்ன காலத்தது, இந்தச் செங்கல் இன்ன வகையினது, இந்தப் பாறையைச் சுற்றி இவ்வளவு நிலமே பாதுகாக்கப்பட வேண்டியது என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடிய எத்தனை பேரைத் தமிழ் பேசும் கிழக்கு உருவாக்கியிருக்கிறது? இன்று எங்கள் ஊர்களில் தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே வயற்காரருக்குப் பயம் வருகிறது. எல்லைக்கல் நடுவதற்கான சொல்லாகவே அது அவர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது. அறிவுத்துறையொன்று அப்படி அறிமுகமாவது அத்துறைக்கும் கேடு, மக்களுக்கும் கேடு.

ஆகவே திருகோணமலை வளாகத்தில் தொல்லியலும் கரையோர மரபுரிமையும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அதை யாரிடம், எப்படிக் கேட்பது? அமைச்சரைச் சந்தித்து மாலை போட்டு மனுக் கொடுத்தால் பாடநெறி வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அரசியல் ஆதரவு உதவலாம். ஆனால் பாடநெறி பிறக்கும் இடம் அதுவல்ல.

நமது அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பாடநெறி மாற்றம் ஒன்று கீழிருந்து மேலே செல்வதுதான் வழக்கம். முதலில் ஒரு துறையின் விரிவுரையாளர்கள் முன்மொழிவு எழுத வேண்டும். இந்தப் பாடநெறி ஏன் தேவை, யார் சேர்வார்கள், என்னென்ன அலகுகள், யார் கற்பிப்பார்கள், நூலகமும் ஆய்வுகூடமும் போதுமா, படித்து வெளியேறுவோருக்கு என்ன வேலை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அது பீடச் சபைக்குப் போகும். பாடத்திட்டத்தைப் பரிசீலிக்கும் குழுக்கள் அதைக் கேள்வி கேட்டுத் திருத்தும். பின்னர் கல்வி விடயங்களில் உயர் அதிகாரமுள்ள மூதவைக்குச் செல்லும். பணம், ஆளணி, நிர்வாகம் ஆகியவற்றைப் பார்க்கும் பேரவை அதற்கு மேலே. இருக்கின்ற ஒரு பாட அலகைத் திருத்துவதென்றால் பெரும்பாலும் மூதவையோடு காரியம் முடிந்துவிடும். புதிய பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரமும் வேண்டும். புதிய பீடமோ துறையோ என்றால் வர்த்தமானி அறிவித்தல் வரை போக வேண்டும்.

இவ்வளவு படிகள் ஏன் என்று சலிப்புத் தோன்றலாம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியாலக் கற்றல். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். அதாவது ஒரு மாணவியின் வாழ்க்கையில் 6000 மணித்தியாலங்கள். ஆசிரியர் இல்லாமல், நூல் இல்லாமல் அவசரமாக ஆரம்பித்த பாடநெறி ஒன்று அந்த மணித்தியாலங்களைத் தின்றுவிடும். ஆகவே பரிசீலனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசீலனை யாருடைய குரலைக் கேட்கிறது என்பதே என் கேள்வி.

கேட்டால் கிடைத்ததற்கு நமது மாகாணத்திலேயே உதாரணம் உண்டு. போர்ச்சூழலில் முஸ்லிம் மாணவர்களின் பல்கலைக்கழகக் கல்வி தடைப்பட்டபோது, அந்தத் தேவையை முன்வைத்து மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் முன்னின்று உழைத்தார்கள். 1995இல் ஒலுவிலை மையமாகக் கொண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. அடுத்த வருடமே அது பல்கலைக்கழகமாயிற்று. அங்கே இஸ்லாமியக் கற்கைகளும் அரபு மொழியும் 2005இல் தனிப் பீடமாக வளர்ந்தன. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் 2008இல் ஓர் அலகாகத் தொடங்கி இன்று பீடமாக நிற்கிறது. நமது பாட்டிமாரும் வைத்தியர்களும் காத்துவந்த ஓர் அறிவு பட்டப்படிப்பாகலாம் என்றால், நமது மலையிலும் துறைமுகத்திலும் இருக்கும் கல்லெழுத்து மட்டும் ஏன் ஆகக்கூடாது?

இருக்கின்ற நடைமுறையில் எனக்குத் தெரியும் குறைகள் மூன்று. முதலாவது, பாடநெறி பற்றி வெளியாரின் கருத்தைக் கேட்பது பெரும்பாலும் சடங்காகிவிடுகிறது. தொழில் தருநர் என்றால் கம்பனி முகாமையாளர் மட்டுமே நினைவுக்கு வருகிறார். மீனவர் சங்கம், பாடசாலை அதிபர், பள்ளிவாசல், கோயில், விகாரை என்று ஊரில் இருப்போரைக் கேட்பது அரிது. இரண்டாவது, முன்மொழிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு, ஆங்கிலத்திலேயே அங்கீகரிக்கப்படுகின்றன. யாருடைய பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதோ அவர்கள் வாசிக்க வழியில்லை. மூன்றாவது, பீடச் சபையில் மாணவர்கள் தெரிவு செய்யும் இரண்டு மாணவப் பிரதிநிதிகளுக்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது. பீடத்துக்கு வெளியேயுள்ள, துறை சார்ந்த பெரியோர் மூவருக்கும் இடமுண்டு. அந்த ஆசனங்களின் பெறுமதியை நாம் உணர்ந்திருக்கிறோமா? விடுதிப் பிரச்சினைக்கும் தண்ணீர்ப் பிரச்சினைக்கும் குரல் கொடுக்கும் மாணவர் சங்கங்கள், என்ன படிக்கிறோம் என்பதைப் பற்றி எத்தனை முறை கூடிப் பேசியிருக்கின்றன? நமது மார்க்கம் மஷூராவை வலியுறுத்துகிறது. அல்குர்ஆனில் ஓர் அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூறா. கலந்து பேசிச் செய்யும் காரியத்தின் அருமை நமக்குப் புதிதல்ல.

"இன்னுமொரு கலைப்பட்டமா? இருக்கிற பட்டதாரிகளே வேலை கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அது தட்டிவிடக்கூடிய கேள்வியல்ல. அதனால்தான் முதல் நாளே பட்டம் கேட்க வேண்டியதில்லை என்கிறேன். இருக்கின்ற பட்டங்களுக்குள் ஒரு விருப்பப் பாட அலகாக ஆரம்பிக்கலாம். தொடர்பாடல் படிக்கும் மாணவி தன் மாவட்டத்தின் கல்வெட்டுகளைப் பற்றி எழுதப் படம்பிடிக்கக் கற்கட்டும். கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவர் தேய்ந்துபோகும் எழுத்துகளை முப்பரிமாணப் படமாகச் சேமிக்கக் கற்கட்டும். அது நன்றாக நடந்தால் 30 கிரெடிட் கொண்ட டிப்ளோமா. ஆசிரியர்களும் நூல்களும் சேர்ந்த பிறகு பட்டம். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இத்துறையில் தேர்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் அவர்களை வருகைதரு விரிவுரையாளர்களாக அழைக்கலாம். உல்லாசப் பயணிகள் நிலாவெளிக் கடற்கரைக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். திரியாய் மலையைச் சரியாகச் சொல்லிக் காட்டக்கூடிய உள்ளூர் வழிகாட்டி இருந்தால் அதுவும் ஒரு தொழிலே.

இதில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விசேட நன்மையும் உண்டு. தொல்லியல் வெயிலிலும் மண்ணிலும் நின்று கற்க வேண்டிய பாடம். தூர மாவட்டத்தில், தெரியாத காட்டில் கள ஆய்வு என்றால் நமது பெற்றோர் பலர் தயங்குவார்கள். குச்சவெளியிலும் திரியாயிலும் கள ஆய்வு, பின்னேரம் வீடு திரும்பலாம் என்றால் அந்தத் தயக்கம் பாதியாகக் குறையும். அங்கே தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே பாறையின் முன் ஒரே தூரிகையோடு குந்தியிருப்பார்கள். பௌத்தக் கட்டடத்தைச் சமஸ்கிருதத்தில் புகழும் தென்னிந்திய எழுத்தை அவர்கள் சேர்ந்து வாசிக்கும்போது, இது எங்களுடையதா உங்களுடையதா என்ற கேள்வி அவ்வளவு இலகுவானதல்ல என்பது தானாகப் புரியும். காலியில் கிடைத்து இன்று கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கும் 15ஆம் நூற்றாண்டுக் கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் பக்கத்தில் பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தீவின் கரையோரம் என்றைக்கும் ஒரே மொழியில் பேசியதில்லை.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ஆனால் பல்கலைக்கழகச் சபைகளில் வெறும் அழுகை எடுபடாது, ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைத் திரட்டுவதில் பாடசாலைகளுக்குப் பங்குண்டு. நமது வலயத்தில் உயர்தரத்தில் வரலாறும் இஸ்லாமிய நாகரிகமும் இந்து நாகரிகமும் படிக்கும் மாணவர் எத்தனை பேர், அவர்களில் இப்படியொரு பாடநெறி இருந்தால் சேர விரும்புவோர் எத்தனை பேர் என்று ஒரு கணக்கெடுப்புச் செய்யலாம். தமிழ் மன்றமும் வரலாற்றுச் சங்கமும் சேர்ந்தால் ஒரு தவணைக்குள் முடியக்கூடிய வேலை. அதைத் திரியாய், குச்சவெளி, புல்மோட்டை, நிலாவெளிப் பாடசாலைகளோடு சேர்ந்து செய்தால் இன்னும் வலுவாகும். அந்தக் கணக்கையும் அதிபர்களின் கடிதங்களையும் வளாகத்தின் முதல்வருக்கும் பீடாதிபதிகளுக்கும் துறைத் தலைவர்களுக்கும் அனுப்பலாம். முன்மொழிவு எழுத நினைக்கும் ஒரு விரிவுரையாளருக்கு, "தேவை" என்ற தலைப்பின் கீழ் எழுதுவதற்கு அப்போது ஏதாவது இருக்கும். இன்று அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

நம்மில் சிலர் வருகிற வருடங்களில் அந்த வளாகத்துக்கே போவார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீடச் சபைக்கு மாணவப் பிரதிநிதி தெரிவு நடக்கும்போது, போட்டியிடுங்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று ஒதுங்காதீர்கள். தெரிவானால் முதற் கூட்டத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பாடநெறி முன்மொழிவுகளின் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்க முடியுமா? இந்த வீதியின் வடக்கே இருக்கும் கல்வெட்டைப் பற்றி இந்த வளாகம் எப்போது கற்பிக்கப் போகிறது?