ஒரே கிருமி, இரண்டு தீர்ப்பா?



வீட்டு ஆண்மகனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'மஞ்சள் காமாலை' என்று ஊருக்குச் சொல்லி மறைக்கிறோம். தாய் கஞ்சி ஊட்டுகிறாள். மனைவி இரவு பகலாகப் பணிவிடை செய்கிறாள். அவன் மவுத்தானதும், அவன் மூலமே கிருமி தொற்றிய அந்த மனைவியைப் பார்த்து, 'இவளால்தான் வந்தது' என்கிறோம். 4 மாதம் 10 நாள் இத்தா முடியும் முன்பே தாய்வீட்டுக்கு விரட்டுகிறோம்.

இந்தப் பழி எங்கே பிறக்கிறது? கர்ப்பிணிகளுக்கு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது வழக்கம். கணவன்மார் தாமாகச் சென்று பரிசோதிப்பது அபூர்வம். அதனால் பல குடும்பங்களில் முதலில் வெளிவருவது பெண்ணின் முடிவுதான். முதலில் தெரிய வந்தவளையே, முதலில் கொண்டு வந்தவள் என்கிறோம்! வியாபாரிகளே, பில் யார் கையில் கிடைத்ததோ அவர்தான் சரக்கு வாங்கினார் என்றா கணக்கு எழுதுவீர்கள்?

1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக இக்கிருமி சென்னையில், விபச்சாரத்தில் தள்ளப்பட்ட பெண்களிடம் கண்டறியப்பட்டது. அவர்களைப் பற்றி நாடே பேசியது. அவர்களைத் தேடிச் சென்ற ஆண்களைப் பற்றி யார் பேசினார்கள்?

ஒழுக்கமுள்ள பெண் மீது பழி சுமத்தி, 4 சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு 80 கசையடி. அவனது சாட்சியம் பிறகு எக்காலமும் செல்லாது. இது அந்நூர் அத்தியாயம் (24:4) வகுத்த சட்டம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதே அவதூறு கிளம்பியபோது, அதைப் பரப்பியவர்களை அல்லாஹ் வன்மையாகக் கண்டித்தான். இரத்தப் பரிசோதனைச் சீட்டு 4 சாட்சிகளுக்கு ஈடாகுமா?

பழியின் பின்னால் சொத்தும் இருக்கிறது. பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று என்று விதவையின் பங்கை அல்லாஹ்வே எழுதி விட்டான் (4:12). நோயைக் காட்டி அதைப் பறிக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும், அவளைக் குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது.

ஒரே தட்டில் உண்பதால் இது பரவாது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். முறையாகச் சாப்பிடுபவர் நெடுநாள் வாழலாம்.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் இப்படி விரட்டப்பட்ட சகோதரி இருந்தால், அவள் பெயரை ஊரறியச் செய்யாமல், அவள் பங்கை ஜமாஅத் மூலம் வாங்கிக் கொடுங்கள். பழி பேசுபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: 4 சாட்சிகள் எங்கே?