பாஸ்கா முட்டையும் திங்கட்கிழமை அடுக்களையும்

தவக்காலத்தின் நாற்பது நாட்களும் இறைச்சியோடு முட்டையையும் விலக்கி வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் பல உள. அது போற்றத்தக்க ஒறுத்தல். ஆனால் அதே குடும்பங்களில், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த இரண்டாம் நாள் அவித்த முட்டைகள் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. நாற்பது நாள் தவிர்த்துக் காத்திருந்த பொருளை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எறிந்துவிடுகிறோம். இதைச் சிறு செய்தி என்று ஒதுக்கிவிட நம் மனம் ஒப்பவில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பங்குகள் சிலவற்றில் நாம் கண்டுவரும் வழக்கம் இது: பெரிய சனியன்று முப்பது முட்டை கொண்ட அட்டைகள் அடுக்கடுக்காய் வந்து இறங்குகின்றன. இளைஞர்கள் பிற்பகலிலேயே அவற்றை அவித்து, வண்ணம் தீட்டிக் கூடைகளில் நிரப்புகிறார்கள். நள்ளிரவுத் திருவிழிப்பு முடிந்ததும் அவை மந்திரிக்கப்பட்டு ஆளுக்கொன்றாய், சிலருக்கு மூன்று நான்காய் வழங்கப்படுகின்றன. அந்நேரத்தில் முட்டை உண்பார் யார்? மறுநாள் ஆட்டுக்கறியும் பிரியாணியும் மணக்கும் வீட்டில் அதைச் சீந்துவாரில்லை. திங்களன்று வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டம். செவ்வாயன்று நாற்றம் எழுந்த பிறகே முட்டையின் நினைவு வருகிறது. பங்குக் கூடத்தின் மூலையில் எஞ்சிய கூடையின் கதியும் அதுவே.

இந்த முட்டை எங்கிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். இடைக்காலத் திருச்சபையில் தவக்கால நோன்பு இறைச்சியை மட்டுமன்றி முட்டையையும் பாலுணவையும் விலக்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இந்த விலக்குக்கான காரணங்களை விளக்கியிருக்கிறார். மனிதர் நோன்பிருந்தாலும் கோழிகள் நோன்பிருக்கவில்லை! அவை இட்ட முட்டைகள் வீடுதோறும் சேர்ந்தன. அவற்றுள் பலவற்றை அவித்துக் காத்து, பாஸ்கா காலையில் குடும்பமாய் உண்டார்கள். ஆகவே பாஸ்கா முட்டை பிறந்ததே, சேர்ந்துபோன உணவு வீணாகக் கூடாது என்ற சிக்கனத்தில்தான். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, முட்டையும் பாலும் விலக்கல்ல என்று தெளிவாக்கியது. விலக்கு நீங்கியது, முட்டையின் விழா மட்டும் நிலைத்தது. வீணாகாமல் காக்கப் பிறந்த வழக்கத்தை வீணடிக்கும் வழக்கமாக மாற்றிய பெருமை நமக்கே உரியது.

இதற்கு நம் மக்கள் கூறும் சமாதானங்கள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

“மந்திரித்த முட்டையைக் குழம்பில் போடலாமா? சுரூபத்தருகே வைப்பதுதானே பக்தி?” என்பார் சிலர். 1614இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலில் முட்டைகளுக்கென்றே ஓர் ஆசிமன்றாட்டு உண்டு. உயிர்ப்பின் பொருட்டு நன்றியோடு இவற்றை உண்ணும் மக்களுக்கு இவை நலமான உணவாக வேண்டும் என்பதே அதன் கருத்து. உண்பதற்காக ஆசி பெற்ற பொருளை உண்ணாமல் பூட்டி வைப்பது பக்தியாகுமா? போலந்து நாட்டினர் பெரிய சனியன்று உணவுக் கூடையை ஆலயத்துக்குக் கொண்டு சென்று மந்திரித்து, மறுநாட்காலை அந்த முட்டையைத் துண்டுகளாக்கி வீட்டார் அனைவரும் பகிர்ந்து உண்கிறார்கள். அவர்கள் அறிந்ததை நாமும் அறியலாமே!

“இது மேலைநாட்டு வழக்கம், நமக்கு எதற்கு?” என்பார் வேறு சிலர். வண்ணம் தீட்டுவது வேண்டுமானால் மேலைநாட்டிலிருந்து வந்திருக்கலாம். மீந்ததை மதிக்கும் பண்பு எவரிடமிருந்தும் நாம் கடன் வாங்கியதன்று. இரவு மீந்த சோற்றில் நீரூற்றிப் பழையது என்று பெயரிட்டு, வெங்காயத்தோடு விரும்பி உண்ட மக்கள் நாம். முந்தைய நாள் குழம்பைச் சுண்டவைத்து அதற்கும் தனிச் சுவை கண்ட அன்னையரின் பிள்ளைகள் நாம். சோற்றுக்குக் காட்டிய மரியாதையை முட்டைக்கு மறுப்பது ஏன்?

“ஒரு முட்டை என்ன பெரிய விலை?” என்பது மூன்றாவது சமாதானம். இது மிக ஆபத்தானது. உணவின் மதிப்பை விலையால் அளக்கத் தொடங்கிய நாளில்தான் வீணடித்தல் பாவமாகத் தோன்றாமற் போனது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று தம் பொது மறைக்கல்வி உரையில், உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்தை வெளியிட்டார். தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். 1982இல் பெரிய அளவில் விரிந்த சத்துணவுத் திட்டத்தில், 1989இல்தான் முட்டை சேர்ந்தது. அதுவும் இரு வாரத்துக்கு ஒன்று. 2010 முதலே வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களிலும் முட்டை கிடைக்கிறது. இரு வாரத்துக்கு ஒன்றை ஐந்து நாளும் ஆக்க இந்த மாநிலத்துக்கு இருபத்தோர் ஆண்டுகள் ஆயின. அந்தத் தட்டில் விழும் முட்டையை எதிர்பார்த்துப் பள்ளிக்கு வரும் பிள்ளை நம் தெருவிலும் உண்டு. பள்ளி மூடும் நாளில் அப்பிள்ளைக்கு அது இல்லை. உயிர்ப்பு விழாவும் கோடை விடுமுறையும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

“அப்படியானால் மீந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம்” என்று உடனே ஒரு குரல் எழும். இதைத்தான் நாம் வன்மையாக மறுக்கிறோம். நாம் உண்ணத் தயங்குவதை ஏழைக்கு நீட்டுவது ஈகை ஆகாது. முட்டை கேட்கும் மகனுக்குத் தேளைக் கொடுக்கும் தந்தை உண்டோ என்று ஆண்டவர் வினவியதை லூக்கா நற்செய்தியில் படிக்கிறோம். மூன்று நாள் வெளியில் கிடந்து கெட்ட முட்டை தேளினும் கொடிது. கொடுப்பதென்றால் முதலில் கொடுங்கள். ஞாயிறு காலையில், புதிதாய் அவித்துக் கொடுங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து அறைக்குத் திரும்பும் வடமாநிலத் தொழிலாளருக்கு அது விழாவாகட்டும். மீந்ததோ நம் பந்திக்கு உரியது. அதை உண்ண வேண்டியவர் நாமே.

பாலைநிலத்தில் பேராசையால் மறுநாளுக்குப் பதுக்கிய மன்னா புழுத்தது. கலிலேயக் கரையிலோ ஆண்டவர், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. முந்தையது பதுக்கல், பிந்தையது பேணல். அலமாரி முட்டை மன்னாவின் வழியில் போகிறது. அடுக்களை முட்டை கூடைகளின் வழியில் போகிறது.

ஆயினும் பொய்ச் சிக்கனத்தையும் நாம் எச்சரிக்க வேண்டும். அவித்த முட்டை பச்சை முட்டையினும் விரைவில் கெடும். அவிக்கும்போது ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் நீங்கிவிடுவதால் கிருமிகள் எளிதில் உட்புகும். வெளியில் இரண்டு மணி நேரம், வெப்பம் 32 பாகையைக் கடந்தால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் வைத்ததை உண்ணலாகாது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. குளிர்பதனப் பெட்டியில் ஓட்டோடு வைத்தால் ஒரு வாரம் தாங்கும். நம் ஏப்ரல் மாத வெயிலில் சனி பிற்பகல் அவித்துக் கூடையில் வைத்த முட்டை, நள்ளிரவில் நம் கைக்கு வருமுன்பே தகுதி இழந்துவிடுகிறது! எனவே திருத்தம் பங்கிலிருந்தே தொடங்க வேண்டும். அன்பியங்கள்வழிக் குடும்பங்களை எண்ணி, அந்த அளவே வாங்குங்கள். பச்சை முட்டையாகவே மந்திரித்துக் கொடுங்கள். அவரவர் வீட்டில் அவித்துக்கொள்ளட்டும். வண்ணம் வேண்டுமெனில் வெங்காயச் சருகும் மஞ்சளும் பீட்ரூட்டும் போதும். உண்ணத் தகாத சாயம் வேண்டாம்.

அப்படி வீட்டில் அவித்து, உடனே குளிரில் வைத்தது மீந்தால் திங்களன்று என்ன செய்வது? நம் தாய்மாரைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பின் சாறு மீந்திருந்தால், முட்டையை இலேசாகக் கீறி அதிலிட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். அதுவே மதிய உணவு. துருவி, சின்ன வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்கினால் பொடிமாஸ். இரண்டாய் வெட்டிக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் மாலைக்குப் போண்டா. மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் கண்டு, கெட்டுவிட்டது என்று எறிகிறார்கள் சிலர். அதிக நேரம் அவித்ததால் கந்தகமும் இரும்பும் சேர்ந்து தோன்றும் நிறம் அது, தீங்கில்லை.

ஞாயிறன்று ‘அல்லேலூயா’ பாடிய நாவுக்குத் திங்களன்று முட்டைக் குழம்பு இழிவாகிவிடாது. உயிர்த்த ஆண்டவரே திபேரியாக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடர்களைக் காலை உணவுக்கு அழைத்தார். அடுப்பங்கரைக்கு வர அவர் கூசவில்லை. நாம் மட்டும் கூசுவானேன்?