ஓர் ஊரின் நஞ்சு, ஒரு நாட்டின் மருந்து

பாம்புக்கடிக்கு ஆளானவரை அழைத்து வருவோர் முதலில் கேட்பது, “விஷமுறிவு ஊசி இருக்கிறதா?” என்பதே. ‘இருக்கிறது’ என்றதும் அவர்களுக்குப் போன உயிர் திரும்புகிறது. அம்மருந்து எந்த ஊர்ப் பாம்பின் நஞ்சிலிருந்து உருவானது என்று அவர்கள் கேட்பதில்லை. கொள்கை வகுப்போர் அதைக் கேட்டாக வேண்டும்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே இம்மருந்து தயாரிக்கப்படுகிறது. நாடு முழுமைக்குமான நஞ்சில் பெரும்பகுதியை, 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னையை அடுத்த வடநெம்மேலியிலிருந்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அம்மக்களின் உழைப்பு காத்த உயிர்கள் எண்ணற்றவை.

ஆயினும், ஒரே இனப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் வேறுபடும். வேறு சில பகுதிகளின் பாம்பு நஞ்சை இம்மருந்து போதிய அளவு முறிப்பதில்லை எனப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும், மூக்குநுனி மேடிட்ட குழிவிரியன் அந்த நான்கில் சேராதது. அதன் கடிக்கு இம்மருந்து பயன்படுவதில்லை.

இதனால் ஓரிடத்து ஆய்வு வீண் என்று ஆகிவிடாது. கடிபட்ட உறுப்பை அசைக்கலாகாது, இறுகக் கட்டலாகாது, கீறலாகாது, விரைந்து மருத்துவமனை சேர வேண்டும் என்பன எங்கும் பொருந்தும். மருந்தின் ஆற்றலையோ அந்தந்த நிலத்துப் பாம்பின் நஞ்சில் சோதித்தே அறிய வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வகுக்கும் தேசியக் கொள்கை, தொலைவிலுள்ள நோயாளியைக் கைவிட்டுவிடும்.

பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்க, 2024இல் ஒன்றிய அரசு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு, பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது. நல்ல தொடக்கம். வட்டாரந்தோறும் நஞ்சு சேகரித்துச் சோதிப்பதும், வட்டாரத்துக்கேற்ற மருந்து செய்வதும் அடுத்து நிகழ வேண்டும்.

அதுவரை, இன்றுள்ள மருந்தைத் தயக்கமின்றிப் பெறுங்கள். மருத்துவர் பரிந்துரைத்தால் ஒரு நொடியும் தாழ்த்தாதீர்கள். பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ முயலாதீர்கள். கடித்த ஊரையும் நேரத்தையும் மறவாமல் சொல்லுங்கள். பதிவேட்டில் உங்கள் ஊர் இடம்பெற்றால்தான் நாளைய மருந்து உங்கள் ஊரையும் கணக்கில் கொள்ளும்.